ஸ்டார்ட் ஆகுது, ஆனா ஓட மாட்டேங்குது

மோவர் ஸ்டார்ட்டே ஆகவில்லை என்று யாராவது சொன்னால் எனக்குக் கொஞ்சம் அலுப்புத் தட்டும். காரணம் எதுவாகவும் இருக்கலாம், ஆதியிலிருந்து தேட வேண்டும். "ஸ்டார்ட் ஆகுதுண்ணே, ஆனா உடனே ஆஃப் ஆயிடுது" என்றால்தான் உற்சாகம் வரும். பாதி வேலையை என்ஜினே முடித்துக் கொடுத்துவிட்டது என்று அர்த்தம். இரண்டு விநாடியானாலும் ஓடியிருக்கிறதே! பிளக்கில் பொறி வருகிறது, சிலிண்டரில் கம்ப்ரெஷன் இருக்கிறது, வால்வுகள் திறந்து மூடுகின்றன. இவற்றில் ஒன்று இல்லாவிட்டாலும் அந்த இரண்டு விநாடிகூடக் கிடைத்திருக்காது.

நாங்கள் இருப்பது அமெரிக்காவின் ஒஹாயோவில். நவம்பரில் கராஜ் மூலையில் தள்ளிய மோவர், பனி அள்ளும் சாமான்களுக்குப் பின்னால் மார்ச் முடியும்வரை கிடக்கும். ஏப்ரலில் நாலு நாள் மழையும் வெயிலும் மாறி மாறி வந்தால் போதும், புல் கணுக்காலுக்கு வந்துவிடும். இன்னும் கொஞ்சம் விட்டால் குடியிருப்போர் சங்கத்திலிருந்து கடுதாசி வரும். அந்த அவசரத்தில்தான் எல்லோரும் போய்க் கயிற்றை இழுக்கிறார்கள். டுர்ரென்று வரும், பொசுக்கென்று போகும்.

அப்படி வருகிறவர்களிடம் நான் கேட்கும் முதல் கேள்வி ஒன்றுதான்: எவ்வளவு நேரம் ஓடுது? மூன்று விநாடியில் நிற்கும் என்ஜினுக்கும் இருபது நிமிடத்தில் நிற்கும் என்ஜினுக்கும் ஒரே வியாதி கிடையாது. மூன்று விநாடி என்றால் பெட்ரோல் வரவில்லை. இருபது நிமிடம் என்றால் டாங்கின் மூடி, இல்லாவிட்டால் சூடு. நிற்காமல் ஏறி இறங்கி ஏறி இறங்கி ஓடுகிறதென்றால் பெட்ரோல் வருகிறது, போதவில்லை. இந்தக் கணக்கு கையில் இருந்தால் கடைக்குப் போய் ஸ்பேர் பார்ட்ஸ் வாங்கிக் குவிக்க வேண்டியதில்லை.

பக்கத்துத் தெரு மதுரைத் தம்பி ஒருவர் அப்படித்தான் குவித்து வைத்திருந்தார். புது பிளக், புது ஏர் ஃபில்டர், புது ஆயில். "யூடியூப்ல சொன்னதெல்லாம் மாத்திட்டேண்ணே. அந்த ரப்பர் பட்டன மூணு தடவ அமுக்கி இழுத்தா வருது. மூணு எண்றதுக்குள்ள போயிடுது. திரும்ப அமுக்கினா திரும்ப வருது." அவர் அதைப் புகாராகச் சொன்னார். எனக்கு அதுதான் பதில்.

அந்த ரப்பர் பட்டனுக்குப் பெயர் பிரைமர். அதை அமுக்கினால் கொஞ்சம் பெட்ரோல் நேராகக் கார்புரேட்டரின் தொண்டைக்குள் போய் விழும். என்ஜின் அதை எரித்துக்கொண்டு எழுந்துவிடும். அதற்கப்புறம் தனக்கு வேண்டியதை அது தானே ஜெட் என்கிற சின்ன ஓட்டை வழியாக உறிஞ்சிக்கொள்ள வேண்டும். ஜெட் அடைத்திருந்தால், நாம் ஊட்டிய வாய் தீர்ந்ததும் நின்றுவிடும். ஒவ்வொரு முறை அமுக்கும்போதும் மூன்று விநாடி கிடைக்கிறதென்றால் கோளாறு பிளக்கில் இல்லை, ஆயிலில் இல்லை. கார்புரேட்டருக்கு அடியில் தொங்கும் கிண்ணத்துக்குள் இருக்கிறது. பிரைமர் இல்லாத மாடல் என்றால், ஏர் ஃபில்டரைக் கழற்றிவிட்டு அந்தத் தொண்டைக்குள் ஒரு ஸ்பூனுக்கும் குறைவாகப் பெட்ரோல் விட்டு, ஃபில்டரை மாட்டி இழுத்துப் பார்க்கலாம். அதே சேதிதான் கிடைக்கும்.

கிண்ணத்தைக் கழற்றுவது பெரிய வித்தை இல்லை. முதல் காரியமாக பிளக்கின் தலையிலிருக்கும் ஒயரை இழுத்துவிட்டு ஓரமாக ஒதுக்குங்கள். பெட்ரோல் குழாயில் வால்வு இருந்தால் மூடுங்கள், இல்லாவிட்டால் குழாயை ஒரு கிளிப் போட்டு நெருக்குங்கள். கராஜ் கதவு முழுக்கத் திறந்திருக்கட்டும். பல வீடுகளில் வாட்டர் ஹீட்டர் அதே கராஜில்தான் இருக்கும், அதன் அடியில் பைலட் ஜ்வாலை எரிந்துகொண்டிருக்கும் என்பதைப் பெரும்பாலானவர்கள் நினைப்பதே இல்லை. நான் மோவரை வெளியே தள்ளிக்கொண்டுபோய் வெயிலில் வைத்துத்தான் பிரிப்பேன்.

கிண்ணத்தின் அடியில் ஒரே ஒரு போல்ட். பத்து எம்.எம். ஸ்பானர் சேரும், சிலவற்றுக்கு அரை அங்குலம். அதைத் திருகினால் உள்ளே தேங்கிய பெட்ரோல் வடியும், ஒரு கண்ணாடி பாட்டிலில் பிடித்து வையுங்கள், அதற்கு வேலை இருக்கிறது. சில என்ஜின்களில் அந்த போல்ட்டே மெயின் ஜெட்டாகவும் இருக்கும். தண்டில் குறுக்காக ஒரு துளை, நடுவில் மேலிருந்து கீழாக ஒன்று. வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தால் மறுபக்கம் தெரிய வேண்டும். தம்பியின் போல்ட்டில் எதுவும் தெரியவில்லை. பித்தளையின் மேல் பச்சையும் வெள்ளையுமாக ஒரு பொருக்கு, துளையின் வாயில் தேன் நிறத்தில் ஒரு பிசின். முழுசாக ஒரு மில்லிமீட்டர்கூட இல்லாத ஓட்டை அது. அதை அடைக்கக் கால் சொட்டு பிசின் போதும்.

வேறு என்ஜின்களில் ஜெட் மேலே, நடுத்தூணுக்குள் இருக்கும். அகலம் சரியாகப் பொருந்துகிற ஸ்க்ரூ டிரைவரால் மட்டும் திருப்புங்கள். பித்தளைத் திருகின் தலை ஒருமுறை சிதைந்தால் அந்த ஞாயிற்றுக்கிழமை போச்சு. ஜெட் வெளியே வந்ததும் அதற்கு மேலே பக்கவாட்டில் ஊசித்துளைகள் போட்ட ஒரு குழல் தானாக நழுவி வரும், சில சமயம் தட்டினால்தான் வரும். ஜெட்டை மட்டும் சுத்தம் செய்துவிட்டு இந்தக் குழலை விட்டுவிடுகிறவர்கள் ஏராளம். அடுத்த வாரமே அதே வியாதியோடு வருவார்கள்.

துளையைக் குத்துவதற்கு ஊசி, குண்டூசி, டிரில் எதுவும் வேண்டாம். பித்தளை மெத்தென்றது. ஓட்டை ஒரு மயிரிழை பெரிதானாலும் பெட்ரோல் கணக்கு மாறிவிடும். மின்சார ஒயரைச் சீவினால் கிடைக்குமே, அந்த மெல்லிய செம்புக் கம்பியில் ஒரே ஒரு இழை போதும். பிறகு கார்ப் கிளீனர் ஸ்ப்ரே. கண்ணுக்குக் கண்ணாடி போட்டுக்கொண்டு அடியுங்கள், ஒரு துளையில் அடித்தால் எதிர்பாராத இன்னொரு துளையிலிருந்து நேராக முகத்துக்கு வரும்.

இதில் எந்தக் கையேடும் அழுத்திச் சொல்லாத ஒரு விஷயம், கிண்ணத்தின் விளிம்பில் உட்கார்ந்திருக்கும் ரப்பர் வளையம். ஸ்ப்ரே அடிப்பதற்கு முன்னாலேயே அதை எடுத்து ஓரமாக வைத்துவிட வேண்டும். கார்ப் கிளீனர் பட்டால் அது ஊதிப் பெருத்துவிடும், திரும்பப் பள்ளத்தில் உட்காராது. வலுக்கட்டாயமாக அமுக்கிப் பூட்டினால் ஒரு பக்கம் பிதுங்கிக்கொண்டு பெட்ரோல் ஒழுகும். அப்படி ஆகிவிட்டால் பதற வேண்டாம், காற்றாடப் போட்டுவிட்டுச் சாப்பிடப் போங்கள். சில மணி நேரத்தில் பழைய அளவுக்குச் சுருங்கிவிடும்.

சாய்ப்பதைப் பற்றியும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். பழைய ஸ்கூட்டரை ஒரு பக்கம் சாய்த்து நிமிர்த்தி உதைத்து ஸ்டார்ட் செய்த தலைமுறை நாங்கள். அந்தக் கைப்பழக்கத்தில் மோவரையும் இஷ்டத்துக்குச் சாய்க்கிறோம். கார்புரேட்டரும் ஏர் ஃபில்டரும் இருக்கும் பக்கம் எப்போதும் மேலே இருக்க வேண்டும். மாற்றிச் சாய்த்தால் ஆயில் ஓடிவந்து ஏர் ஃபில்டரை நனைத்துவிடும், சிலிண்டருக்குள்ளும் போகும். அப்புறம் வெள்ளைப் புகை தெருவையே மூடும், பக்கத்து வீட்டுக்காரர் தீயணைப்புக்குப் போன் போடுவார். கொஞ்ச நேரம் ஓடினால் அந்தப் புகை அடங்கிவிடும், ஆனால் ஆயிலில் ஊறிய காகித ஃபில்டரைத் தூக்கிப்போடத்தான் வேண்டும்.

இப்போது அந்தக் கண்ணாடி பாட்டிலுக்கு வருவோம். அசைக்காமல் பத்து நிமிடம் வைத்துப் பாருங்கள். நல்ல பெட்ரோல் என்றால் ஒரே நிறமாக இருக்கும். அடியில் தனியாக ஒரு படலம், அதற்கும் மேலே இருப்பதற்கும் நடுவில் கோடு போட்டாற்போல் எல்லை தெரிந்தால் தண்ணீர் இறங்கிவிட்டது. அமெரிக்காவில் சாதாரணமாகக் கிடைக்கும் பெட்ரோலில் பத்து சதவீதம் எத்தனால். எத்தனாலுக்குத் தண்ணீர் மேல் தீராத ஆசை, காற்றின் ஈரத்தைக்கூட இழுத்து வைத்துக்கொள்ளும். பாதி காலியான டாங்கு, பகலில் சூடும் இரவில் குளிருமாக ஐந்து மாதம். தண்ணீர் ஏறக்குறைய அரை சதவீதத்தைத் தொட்டதும் அந்தக் கலவை தாங்காது, எத்தனாலும் தண்ணீரும் கைகோத்துக்கொண்டு அடியில் இறங்கிவிடும். கார்புரேட்டர் உறிஞ்சுவதும் அடியிலிருந்துதான். பச்சைப் பொருக்கு எங்கிருந்து வந்தது என்று இப்போது தெரிந்திருக்கும்.

தம்பியிடம் எந்த பம்பில் பிடித்தீர்கள் என்று கேட்டேன். "88னு போட்டிருந்துச்சுண்ணே, பத்து சென்ட் கம்மி." அதுதான் பதினைந்து சதவீத எத்தனால் பெட்ரோல். பம்பிலேயே ஆரஞ்சு நிறத்தில் ஒட்டியிருப்பார்கள்: 2001ஆம் ஆண்டு மாடலிலிருந்து வந்த கார்களுக்குத்தான், படகுக்கும் புல்வெட்டிக்கும் கூடாது என்று. பத்து சென்ட் கம்மி என்பதைப் பார்க்கிற கண்ணுக்கு அது தெரிவதில்லை. ஊரிலும் இப்போது இருபது சதவீதம் வந்துவிட்டது. பொள்ளாச்சியில் தோப்பு வைத்திருக்கும் என் மச்சான் பிரஷ் கட்டரோடு படும் பாட்டைப் போனில் கேட்டுக்கொண்டிருக்கிறேன். அது டூ ஸ்ட்ரோக், பெட்ரோலில் ஆயில் கலந்து ஊற்ற வேண்டியது. அங்கே தண்ணீர் இறங்கினால் இன்னும் மோசம். அடியில் இறங்கும் கலவையில் ஆயில் இருக்காது, அதை உறிஞ்சினால் பிஸ்டன் வறண்டு ஓடும். அங்கே மிச்சப் பெட்ரோலை மெஷினில் விட்டு வைப்பதே தப்பு. அன்றன்றைக்குக் கலந்து அன்றன்றைக்குத் தீர்ப்பதுதான் வழி.

அடுத்த ரகம், ஏறி இறங்கி ஓடுவது. ஊஊம், உம்ம்... ஊஊம், உம்ம்... என்று மூச்சு வாங்கும். தெருவில் யார் வீட்டு மோவர் இப்படி ஊளையிடுகிறது என்று சமையலறையில் இருந்தே சொல்லிவிடலாம். பலரும் என்ஜின் வேகத்தைச் சீராக வைத்திருக்கும் கவர்னர் கெட்டுவிட்டது என்று முடிவு கட்டி அதன் ஸ்பிரிங்கை இழுத்து வளைக்கிறார்கள். கவர்னர் பாவம், தன் வேலையைத்தான் செய்கிறது. புல் வெட்டாமல் சும்மா ஓடும்போது த்ராட்டில் கிட்டத்தட்ட மூடியிருக்கும். அப்போது பெட்ரோல் கொடுப்பது பைலட் ஜெட் என்கிற இன்னும் சின்ன ஓட்டை. அது பாதி அடைத்திருந்தால் வேகம் விழும். கவர்னர் பதறிப்போய் த்ராட்டிலைத் திறக்கும். மெயின் ஜெட்டிலிருந்து தாராளமாக வரும், வேகம் எகிறும். உடனே மூடும், மறுபடி விழும். சோக்கைப் பாதி போட்டுப் பாருங்கள், ஊளை நின்றுவிட்டால் பெட்ரோல் பற்றாக்குறைதான் என்பது உறுதி. பைலட் ஜெட்டைச் சுத்தம் செய்தும் நிற்காவிட்டால் கார்புரேட்டருக்கும் என்ஜினுக்கும் நடுவிலிருக்கும் கேஸ்கெட் கிழிந்து திருட்டுக் காற்று நுழைகிறது.

கவர்னர் ஸ்பிரிங்கில் மட்டும் கைவைக்காதீர்கள். இந்த என்ஜின்கள் நிமிடத்துக்கு 3,000 சுற்றுக்குப் பக்கத்தில் ஓடும்படி கட்டி வைக்கப்பட்டவை. அதற்கு மேல் ஓட விட்டால் கீழே பிளேடு சுற்றுகிறது என்பதை நினைத்துக்கொள்ளுங்கள்.

இருபது நிமிட ரகத்தில் எனக்குப் பிடித்தது டாங்க் மூடி. எண்ணெய் டின்னில் ஒரே ஒரு ஓட்டை போட்டால் எண்ணெய் திக்கித் திக்கி விழுந்து கடைசியில் நின்றே போகும், எதிர்ப்பக்கம் இன்னொன்று குத்தினால்தான் சரசரவென்று இறங்கும் என்பது பலசரக்குக் கடையில் நின்ற எவருக்கும் தெரியும். மோவர் டாங்கின் மூடியில் அந்த இரண்டாவது ஓட்டை இருக்கிறது. தூசியும் புல்லும் அதை அடைத்துவிட்டால் உள்ளே வெற்றிடம் சேர்ந்து பெட்ரோல் இறங்காது. நன்றாக ஓடும், அரைத் தோட்டம் வெட்டியதும் நிற்கும், கொஞ்ச நேரம் கழித்து ஒன்றுமே நடக்காததுபோல் ஸ்டார்ட் ஆகும். நின்றவுடன் மூடியைத் திருகுங்கள். புஸ்ஸென்று சத்தம் வந்து, உடனே ஓடினால் முடிந்தது விஷயம். மூடியைக் கழுவினால் போதும், இல்லாவிட்டால் புதிது சில டாலர்தான்.

மூடியைத் திறந்தும் ஓடவில்லை, அரை மணி ஆறினால்தான் ஓடுகிறது என்றால் இக்னிஷன் காயில். ஃப்ளைவீலில் பதித்த காந்தம் ஒவ்வொரு சுற்றிலும் காயிலைக் கடந்துபோகும்போது மின்சாரம் பிறக்கிறது, பேட்டரி கிடையாது. காயிலுக்குள் தலைமுடியைவிட மெல்லிய கம்பி ஆயிரக்கணக்கில் சுற்றியிருக்கும். அதில் ஓரிடத்தில் விரிசல் விட்டால் சூட்டில் விரிந்து பிரியும், ஆறினால் ஒட்டிக்கொள்ளும். நின்ற அந்த நிமிடத்திலேயே ஸ்பார்க் டெஸ்டர் மாட்டி இழுத்துப் பார்க்க வேண்டும். ஆறிய பிறகு பார்த்தால் பொறி ஜோராக வரும், நீங்கள் மறுபடி கார்புரேட்டரைப் பிரித்துக்கொண்டிருப்பீர்கள். புதுக் காயில் மாட்டும்போது காந்தத்துக்கும் காயிலுக்கும் நடுவே ஒரு விசிட்டிங் கார்டைச் செருகி, காந்தம் இழுத்துப் பிடிக்கவிட்டு, திருகை முடுக்கிவிட்டுக் கார்டை உருவிவிடலாம். பெரும்பாலான என்ஜின்களுக்கு அந்தக் கனம் சரியாக இருக்கும்.

காயிலை மாற்றுவதற்கு முன் கைப்பிடியைப் பாருங்கள். பிடித்துக்கொண்டே இருந்தால்தான் ஓடும், விட்டால் நிற்கும் என்று ஒரு கம்பி இருக்கிறதே, அமெரிக்காவில் 1982இல் வந்த விதிப்படி அதை விட்ட மூன்று விநாடிக்குள் பிளேடு நின்றாக வேண்டும். விரல்கள் போய்க்கொண்டிருந்ததைப் பார்த்துக் கொண்டுவந்த விதி. அந்தக் கம்பியிலிருந்து போகும் கேபிள் வருஷக்கணக்கில் நீண்டுவிட்டால், முழுசாக அமுக்கியும் பிரேக் முழுசாக விலகாது. அதே இடத்தில்தான் காயிலின் மின்சாரத்தைத் தரைக்குப் பாய்ச்சி என்ஜினை அணைக்கும் தகடும் இருக்கிறது. மேடு பள்ளத்தில் ஒரு குலுக்கு, தகடு தொடும், என்ஜின் போகும். சமதரையில் ஓடி, மேட்டில் மட்டும் நிற்கிற மோவர் இது. இந்தக் கம்பியைக் கயிறு போட்டுக் கட்டி வைத்துக்கொண்டு வெட்டுகிறவர்களையும் பார்த்திருக்கிறேன். அவர்களுக்கு நான் ரிப்பேர் செய்து கொடுப்பதில்லை.

வேர், கல் எதிலாவது டணால் என்று மோதிய பிறகு ஆரம்பித்த கோளாறு என்றால் கதை வேறு. ஃப்ளைவீலைத் தண்டோடு பூட்டும் சின்ன உலோகச் சாவி வெட்டுப்பட்டிருக்கும். தண்டு வளையாமல் தன்னைப் பலிகொடுக்கத்தான் அதை மெத்தென்ற உலோகத்தில் செய்கிறார்கள். பொறி தப்பான நேரத்தில் விழும், கயிறு கையைப் பின்னுக்கு வெடுக்கென்று இழுக்கும்.

மற்றவை சில்லறை. கறுப்புப் புகையோடு திணறினால் ஏர் ஃபில்டர் அடைப்பு, அல்லது தானியங்கிச் சோக் திறக்காமல் மாட்டிக்கொண்டிருக்கிறது. அடர்ந்த புல்லில் மட்டும் நின்றால் பிளேடு மொட்டை, அடித்தட்டில் பழைய புல் அப்பியிருக்கிறது, அல்லது நீங்கள் ஒரேயடியாகத் தாழ்வாக வெட்டப் பார்க்கிறீர்கள். குளிர்காலத்தில் எலி என்ஜினின் மேல்மூடிக்குள் கூடு கட்டியிருந்தால் காற்று போகாமல் சூடேறும். ஏப்ரலில் நான்கு திருகைக் கழற்றி எட்டிப் பார்ப்பது நல்லது, உள்ளே குடும்பமே இருக்கலாம்.

சுத்தம் செய்தும் சரிவராத கார்புரேட்டரோடு மல்லுக்கட்ட வேண்டாம். உள்ளே அலுமினியம் அரித்துப்போயிருந்தால் எந்த ஸ்ப்ரேயும் அதை மீட்காது, பல மாடல்களுக்கு மாற்றுக் கார்புரேட்டர் கடைக்காரரின் கூலியைவிடக் குறைவு. கழற்றுவதற்கு முன் ஸ்பிரிங், கம்பி எல்லாம் எந்த ஓட்டையில் மாட்டியிருக்கின்றன என்று போனில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். பேட்டரி மோவர் வாங்கிவிட்டால் இந்தத் தலைவலியே இல்லையே என்று வீட்டில் சொல்கிறார்கள். நியாயம்தான். கலிஃபோர்னியாவில் 2024 முதல் புதுப் பெட்ரோல் மோவர் விற்பனைக்கான வாசலை அநேகமாக மூடியாயிற்று, ஹோண்டாவும் 2023இல் இங்கே மோவர் தயாரிப்பதை நிறுத்திக்கொண்டது. எங்கள் வீட்டு என்ஜின் சாகட்டும், பார்க்கலாம் என்று சொல்லி வைத்திருக்கிறேன். அது சாகிற மாதிரி தெரியவில்லை.

அக்டோபர் கடைசியில் செய்ய வேண்டியது ஒன்றே ஒன்று. டாங்கை வடித்துவிட்டு, தானாக நிற்கும்வரை ஓட விடுங்கள், பிறகு கிண்ணத்தின் போல்ட்டைத் தளர்த்தி மிச்சமிருக்கும் சொட்டையும் எடுங்கள். எத்தனால் இல்லாத பெட்ரோல் விற்கும் பங்க் பக்கத்தில் இருந்தால் கடைசி இரண்டு வெட்டுக்கு அதை ஊற்றலாம். கேனில் மிஞ்சுவது ஆயில் கலக்காத பெட்ரோலாக இருந்து, வாங்கி ஒரு மாதத்துக்குள் என்றால், காரின் டாங்கில் ஊற்றிவிடுங்கள், அது பொருட்படுத்தாது. வருஷம் தாண்டி வார்னிஷ் வாடை அடிப்பதைக் காரிலும் ஊற்ற வேண்டாம், சாக்கடையிலும் ஊற்ற வேண்டாம். கவுண்டியில் அபாயக் கழிவு வாங்கும் இடத்துக்கு எடுத்துப் போங்கள். பல இடங்களில் கேனையும் சேர்த்தே வாங்கிக்கொள்வார்கள், அதனால் நல்ல கேனில் கொண்டுபோகாதீர்கள்.